இடது காதில் அரக்கு

என் தம்பி குமரகுருவுக்குச் சாயம் விட்டுவிட்டது என்ற பேச்சே ஆகாது. பிள்ளையார்பாளையத்தில் எந்த நெசவாளியாவது, "போன தபா குடுத்த பச்சை கொஞ்சம் விட்டுச்சுபா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அடுப்பை அப்படியே போட்டுவிட்டு அந்த ஆளின் வீட்டுக்கே போய் நிற்பான். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, தறியில் இருக்கிற பட்டின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்து, துணியைத் தூக்கி அவர் மூக்குக்கு நேராக நீட்டுவான். "எங்க விட்டுச்சு? காட்டு. எங்க விட்டுச்சு?" துணி வெள்ளையாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் அந்த வீட்டில் காபி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான்.

நான் மணியம்மாள். அவனுக்கு ஆறு வயது மூத்தவள். அடுத்தடுத்த வீடு, நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். என் வீட்டுக்காரர் தறி நெய்கிறார், நான் அவருக்குக் குழலில் நூல் சுற்றிக் கொடுக்கிறேன். குமரகுருவைத் திட்டுகிற உரிமை அவன் பிறந்த அன்றே எனக்கு வந்துவிட்டது, அதை இன்றுவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் திட்டும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் திட்டு வாங்க வேண்டிய ஆள் அவன் மட்டும் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பதினாறு வயதில் சாயப்பட்டறைக்குள் போனவனுக்கு இப்போது ஐம்பத்து நான்கு. வீட்டுக்குப் பின்னால் இரண்டு அடுப்பு, பெரிய தாமிர அண்டா, நாலைந்து மூங்கில் கழி. கழியில் மாட்டிய பட்டுநூல் சிட்டங்களைக் கொதிக்கிற சாயத் தண்ணீரில் திருப்பித் திருப்பி முக்கி எடுப்பான். கொதித்தால்தான் பட்டு சாயத்தைப் பிடிக்கும், வெதுவெதுப்பில் முக்கினால் இரண்டு அலசலில் ஓடிவிடும் என்று ஊருக்கே பாடம் எடுப்பான். அவனுடைய அரக்கு என்றால் தனிப் பேர். கல்யாணப் புடவைக்கு வருமே, காய்ந்த ரத்தத்துக்கும் பழுத்த நாவல் பழத்துக்கும் நடுவில் ஒரு சிவப்பு, அதுதான் அரக்கு. அவன் கை இரண்டும் மணிக்கட்டு வரை அந்த நிறம்தான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் அவன் பெண்டாட்டி நீலாம்பாள் காய் வாங்கப் போன பையில் ஒரு நாய்க்குட்டியோடு வந்தாள். உடம்பில் ஒரு பொட்டு இல்லாத வெள்ளை. "பட்டறைல வெள்ளையா எதுவும் வெச்சிக்கக் கூடாதுமா, அழுக்காவும்" என்று இவன் முறைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் அது மிச்சச் சாயம் ஊற்றி வைத்திருந்த வாளியின் விளிம்பில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. எழுந்து வரும்போது இடது காது முழுக்க அரக்கு. நீலாம்பாள் ஐயோ ஐயோ என்று கத்துகிறாள், இவன் கழியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரிக்கிறான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே அதற்கு அரக்கு என்று பேர் வைத்தான்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது இவனுடைய பெருமை. பட்டறைக்கு யார் வந்தாலும், "அரக்கு, வாடா" என்று கூப்பிட்டு, ஈரத்துணியால் அதன் காதைத் தேய்த்துக் காட்டுவான். "ஒரு வருஷம் ஆச்சு. மழை, வெயில், சாக்கடை எல்லாம் பாத்துட்டான். போச்சா?" அடுத்த வருஷம் இரண்டு வருஷம் ஆச்சு என்பான். அப்புறம் ஐந்து. நாய்முடி உதிராதாப்பா, புதுசு முளைக்காதாப்பா என்று ஒருத்தர் கேட்டதற்கு, "தோலுக்குள்ள ஊறிப்போச்சுபா. என் கையப் பாரு, முப்பது வருஷத்துக்கு மேல ஆவுது, போச்சா?" என்று கேட்டான். தினமும் சாயத்தில் முக்குகிற கை எப்படிப் போகும்? மூளை என்று ஒன்று இருந்தால் யோசித்திருப்பான். பெருமை வந்து உட்கார்ந்த இடத்தில் மூளைக்கு இடம் ஏது?

உண்மை எனக்குத் தெரியும். நாய் வந்த முதல் வருஷமே, இவன் நூல் கொடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். நீலாம்பாள் நாயை மடியில் சாய்த்துக்கொண்டு, ஒரு பழைய டூத் பிரஷால் அதன் காதில் சாயம் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நீலா பண்ற?"

"அண்ணி, மெதுவா பேசுங்க. வெளுத்துக்கினே வருது அண்ணி. மனுஷன் ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் காட்டிக்கினு இருக்காரு. நாளைக்கு எவனாவது பாத்து சிரிச்சா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது அவருக்கு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சுவரோரம் வந்து என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அவர் கைல சொல்ல மாட்டேன்னு என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணுங்க." அடித்துச் சத்தியம் செய்தேன். அவளுக்குப் புருஷன் மேல் ஆசை என்று தெரியும், இத்தனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை அந்த வேலை நடக்கும். நாய் சூடு தாங்காது என்று வெதுவெதுப்பாகத்தான் தடவுவாள், அதனால்தான் அது நிற்கவும் நிற்காது. தடவி முடித்ததும் டீக்கடைப் பொறை ஒன்று கொடுப்பாள். கொஞ்ச நாளில் அந்த நாய் படு கெட்டிக்காரனாகிவிட்டது. பொறை வேண்டும் என்றால் தானே அவளிடம் வந்து, இடது காதை அவள் முட்டியில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கும். வேறு எந்த நாயும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவனுக்கு அது தெரியாது. அவனிடம் அது அப்படிச் செய்ததும் இல்லை.

முந்தின வருஷம் ஐப்பசியில் நீலாம்பாள் செத்துப்போனாள். காலையில் மார்பு கனமாக இருக்கிறது என்றாள், சுக்குத் தண்ணீர் வைத்துக் குடித்தாள், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். ஐம்பது வயது. ஓசூரில் வேலை பார்க்கிற மகள் பிரவீனா வந்து சேர்வதற்கே சாயந்திரமாகிவிட்டது.

மறுநாள் எடுத்தார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். ஆண்பிள்ளை இல்லாததால் குமரகுருவே கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அரக்கு பாடைக்கு அடியிலேயே போனது, யார் விரட்டியும் விலகவில்லை. முனை திரும்புகிற இடத்தில் இரண்டு பேர் சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். சாவுக்கு வெடி வைக்காவிட்டால் இந்த ஊரில் செத்தது கணக்கில் சேராது போலிருக்கிறது. நாய் ஒரே கத்தாகக் கத்திவிட்டு, ஆட்களின் கால்களுக்கு நடுவே புகுந்து எதிர்ப்பக்கம் ஓடியது. நான் "அரக்கு, அரக்கு" என்று கத்துகிறேன், வெடிச் சத்தத்தில் யார் காதில் விழும்? குமரகுரு பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். கொள்ளிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு நாயின் பின்னால் ஓட முடியுமா? நேராக நடந்துவிட்டான்.

மயானத்திலிருந்து வந்து தலை முழுகியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அரக்கு வந்துச்சாக்கா?" வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரவில்லை.

பிரவீனா போனில் ஒரு அறிவிப்புத் தயார் செய்து எல்லாக் குரூப்புக்கும் அனுப்பினாள். நாயின் படம் போட்டு, "வெள்ளை நாய். பெயர் அரக்கு. இடது காது மட்டும் அரக்கு நிறம்" என்று எழுதியிருந்தாள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து, "காதில் உள்ள சாயம் போகாதுன்னு போடுமா. இல்லாட்டி எவனாவது வேற நாயைக் காட்டுவான்" என்றான். அவள் அப்பா சொன்னபடியே போட்டாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அது போகும்டா, இரண்டு மாசத்தில் வெளுத்துவிடும்டா என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெண்டாட்டியைக் கொளுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவனிடம், உன் சாயம் நின்றதே இல்லை, அவள்தான் உனக்குத் தெரியாமல் பூசிக்கொண்டிருந்தாள் என்று எப்படிச் சொல்வது? அவள் தலையில் அடித்த சத்தியம் வேறு. அவளும் போய்விட்டாள், சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. நாய் நாலு நாளில் கிடைத்துவிடும், முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

கூப்பிட்டார்கள், கூப்பிடாமல் இல்லை. ஓரிக்கையில் காதில் பெயின்ட் கொட்டிய ஒரு நாய். வாலாஜாபாத்தில் குழந்தைகள் மருதாணி வைத்துவிட்ட ஒரு நாய். ஒருத்தன் குங்குமம் தடவிய ஆட்டுக்குட்டியைக் காட்டி, "நாய் மாதிரியேதான் கீதுங்க" என்றானாம். எங்கே கூப்பிட்டாலும் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு, ஒரு பாக்கெட் பொறையோடு போவான். வெறும் கையோடு திரும்பி வந்து, அந்தப் பொறையைத் தெருநாய்களுக்குப் போடுவான். ஆளும் வற்றிக்கொண்டே வந்தான். ஒருநாள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "அவ எதுவுமே என் கைல கேட்டதில்லக்கா. பாத்துக்கோன்னு அவ வுட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். அதையும் அன்னிக்கே தொலைச்சிட்டேன்" என்று சொல்லி அழுதான். நாய் கிடைத்தால்தான் இவன் பிழைப்பான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சித்திரையில் தாமலிலிருந்து லில்லி என்று ஒரு பெண் போன் செய்தாள். ஷூ கம்பெனியில் தைக்கிறவள், கம்பெனி வேனில் யாரோ இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். "அதே மூஞ்சிண்ணா. வந்து பாருங்க" என்றாளாம். மத்தியானமே கிளம்பிப் போனான். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தான்.

"இன்னாடா?" என்றேன்.

"அது நம்முது இல்ல."

"சரி விடு. கை கால் கழுவிக்கினு வா, தோசை ஊத்தறேன்."

இவ்வளவுதான் பேசினோம். ஏண்டா இல்லை, எதைப் பார்த்து இல்லை என்கிறாய் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது, அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்த ஐப்பசி வந்தது. நீலாம்பாளுக்கு முதல் வருஷத் திதி நெருங்கியது. பித்தளைப் பாத்திரங்களை எடுப்பதற்காகப் பரணில் ஏறியவன், ஒரு மஞ்சள் பையோடு இறங்கினான். பைக்குள் ஒரு டூத் பிரஷ், அடிவரை சிவந்துபோன பிரஷ். கூடவே ஒரு சின்ன டப்பா. மூடியைத் திறந்து விரலை ஈரமாக்கித் தொட்டுப் பார்த்தான்.

"இது என் அரக்கு. இவளுக்கு எதுக்குக்கா இது?"

பொய் சொல்லியிருக்கலாம். கோலத்துக்கு என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பான். ஒரு வருஷமாக அடக்கி வைத்த வாய் அன்றைக்கு அடங்கவில்லை. "நாய் காதுக்குடா" என்றேன். மீதியையும் சொல்லிவிட்டேன்.

கோபப்படுவான் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தினி நாளைக்கு ஒரு தபா?"

"ரெண்டு மாசத்துக்கு."

"பூசலன்னா?"

"வெளுத்துடும்."

"முழுசாவாக்கா?"

"முழுசாத்தான்."

பிரஷைத் திருப்பிப் பிடித்து, சிவந்த முடியை விரலால் நீவினான். அப்புறம், "தாமல்ல ஒண்ணு பாத்தேனே" என்றான்.

அந்தச் சித்திரை மத்தியானத்தில் நடந்ததை அப்போதுதான் சொன்னான். வெள்ளை நாய், எலும்பும் தோலுமாக இருந்தது. இவன் வண்டியை நிறுத்துவதற்குள் ஓடி வந்து, கையை முகர்ந்து முகர்ந்து பார்த்து அழுதிருக்கிறது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போயிருக்கிறது. இவன் முதலில் பார்த்தது காதை. வெள்ளைக் காது. பொறை வாசனைக்கு எந்த நாய்தான் வாலாட்டாது என்று நினைத்துக்கொண்டானாம். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கண்ணா என்று அந்தப் பெண் சொன்னதற்கு, "காது வெள்ளையா இருக்கிற நாயை எப்படிமா அரக்குன்னு கூப்பிடறது?" என்று கேட்டிருக்கிறான்.

"கெளம்புறப்ப கிட்ட வந்து நின்னுச்சுக்கா. காதை என் முட்டில வெச்சி அழுத்திக்கினே நின்னுச்சு. இப்படி." ஐம்பத்து நான்கு வயது ஆள், தலையைச் சாய்த்து இடது காதை என் முட்டியில் வைத்துக் காட்டினான். "ஏன் இப்படிப் பண்ணுதுன்னு எனக்குப் புரியலக்கா."

எனக்குப் புரிந்தது. பொறைக்காக இல்லை. தன்னிடம் என்ன குறைந்துவிட்டது என்று அதற்குத் தெரிந்திருக்கிறதோ என்னவோ, பூசிவிடு என்று காதைக் கொடுத்திருக்கிறது. நான் வாயில் அடித்துக்கொண்டேன். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. நீலாம்பாளே உயிரோடு வந்திருந்தால், சொல்லித் தொலைச்சிருக்கலாமே அண்ணி என்றுதான் கேட்டிருப்பாள்.

எங்கள் தெரு ஜெயக்குமாரின் ஆட்டோவில் உடனே கிளம்பினோம். வழி முழுக்க இவன் அந்த மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

தாமல் ஏரிக்கரைப் பக்கம் லில்லியின் வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில்தான் இருந்தாள். முப்பது வயதுக்காரி, வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?"

நான்தான் முந்திக்கொண்டு, "அது எங்க நாய்தாம்மா. தெரியாமப் போச்சு" என்றேன்.

அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். தொட்டி நிழலில் ஒரு சாக்கு, அதன் மேல் நாய். பின்னங்கால் இரண்டும் சேர்ந்து ஒரு பக்கமாகக் கிடந்தன.

"அன்னிக்கு நீங்க போனீங்கல்ல, உங்க வண்டி பின்னாடியே ஓடிச்சுண்ணா. நான் கத்தறேன், என் வூட்டுக்காரர் வீரபத்திரனும் கத்தறாரு, நிக்கவே இல்ல. ஐவே வரைக்கும் ஓடிச்சு. ஒரு வேன் இடுப்பு மேல ஏத்திட்டான். நாங்கதான் கோணிப்பைல போட்டுத் தூக்கியாந்தோம். கண்ணாடில நீங்க பாக்கலயா?"

"பாத்தேன்" என்றான் குமரகுரு. "ஓடி வர்றதப் பாத்தேன். வேகமா முறுக்கிட்டேன்."

லில்லி அதற்கப்புறம் அவனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "போன வருஷம் மழையில இங்க வந்து ஒதுங்குச்சுக்கா. அப்ப காது ஓரத்துல கொஞ்சம் செவப்பா இருந்திச்சு. நான் புண்ணுன்னு நெனச்சி மஞ்ச வெச்சி வெச்சிக் கழுவுனேன். அதைச் சொல்லலாம்னுதான் அன்னிக்கு வாயெடுத்தேன். இவர் ரெண்டு நிமிஷம் நிக்கல."

குமரகுரு தொட்டியிலிருந்து பத்தடி தள்ளியே நின்றான். நின்ற இடத்திலேயே, "அரக்கு" என்றான். சத்தமே இல்லை, மூச்சுதான் வந்தது.

நாய் தலையைத் தூக்கியது. முன்னங்கால்களை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு வந்தது. மண்ணில் இரண்டு கோடு விழுந்தது. இவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். அது வந்து அவன் கையை முகர்ந்தது, முகத்தை நக்கியது. அப்புறம் இடது காதை அவன் முட்டியில் வைத்து அழுத்தியது. நானும் லில்லியும் அழுகையை அடக்க முடியாமல் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

"பேரை அன்னிக்கே கூப்பிட்டிருக்கலாமேண்ணா" என்றாள் லில்லி.

நாயை அவள்தான் தூக்கி ஆட்டோவில் வைத்தாள். சாக்கையும் மடித்து வைத்தாள். "எங்கூடவே இருந்தாலும் இருக்கட்டும்னுதான் எனக்குத் தோணுது. ஒரு வருஷம் ஆவப்போவுது, எனக்கு மட்டும் வலிக்காதா? ஆனா அது அன்னிக்கு உங்க பின்னாடிதானே ஓடிச்சு" என்றாள். ஆட்டோ திரும்புகிற வரை வாசலிலேயே நின்றாள்.

திரும்பி வருகிற வழியிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். நல்லபடியாகத்தான் பார்த்தார். உள்ளே சீழ் பிடித்து மேலேறிவிட்டது, வலி தெரியாமல் ஊசி போடலாம், மற்றபடி நாள் கணக்குதான் என்றார்.

பதினோரு நாள் இருந்தது. வீட்டுக்குள் இறக்கிவிட்டதும் அது தேடியது அவளைத்தான். சமையலறை, பின்கட்டு, அவள் துணி வைக்கிற மூலை என்று ஒவ்வொரு இடமாக உடம்பை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தது. சுவரில் மாலை போட்ட படம் அதற்கு என்ன தெரியும்? கடைசியில் சமையலறை வாசற்படியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அடுப்படியைப் பார்த்தபடியேதான் கிடந்தது. "அவ இல்லடா, வெளிய போயிருக்கா" என்று இவன் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். திதியன்று காக்கைக்கு வைத்தது போக மீதிச் சோற்றைப் பிசைந்து ஊட்டினான், இரண்டு வாய் சாப்பிட்டது.

அவன் கிட்டப் போகும்போதெல்லாம் அது காதைக் கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் அவன் குனிந்து அந்த வெள்ளைக் காதை முத்தமிட்டு ஒரு பொறை கொடுப்பான். அதைத் தின்னாது, முன்னங்காலுக்குக் கீழே வைத்துக்கொள்ளும்.

"பூசிவிட்டுடேன்டா. அதுக்குத்தானே கேக்குது" என்று ஒருநாள் சொன்னேன்.

"எனக்கு இன்னாக்கா யோக்யதை இருக்குது?" என்றான். பிரஷைத் தொடவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் எட்டு மணி வாக்கில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யக்கா" என்று கூப்பிட்டான். போனேன். படியில் தலை வைத்தபடியே போயிருந்தது. உடம்புச் சூடு இன்னும் முழுசாக ஆறவில்லை. சுற்றிலும் தின்னாத பொறைகள்.

நான் உட்கார்ந்து அழுதேன். அவன் எழுந்து பின்னால் போனான். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஒரு சின்னப் பாத்திரத்தில் அரக்கு கரைத்துக்கொண்டிருக்கிறான். கொதி வருவதற்கு முன்னாலேயே இறக்கி, விரலை விட்டுப் பார்த்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி, மறுபடியும் விரலை விட்டுப் பார்த்தான்.

"கொதிக்கலயேடா" என்றேன். அவன் முப்பத்தெட்டு வருஷமாக ஊருக்குச் சொன்னதைத்தான் சொன்னேன்.

"சுடும்க்கா அதுக்கு."

அது செத்துப்போய்விட்டதுடா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன், நீலாம்பாள் வைத்துக்கொண்ட மாதிரி. அவள் பிரஷால் அவன் தடவினான். முடியை ஒதுக்கி ஒதுக்கி, உள்பக்கம், வெளிப்பக்கம், மடிப்பு, நுனி. பட்டுக்குக்கூட அவன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. காய்ந்ததும் மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசினான். பழைய அரக்கு எங்கள் முன்னால் கிடந்தது.

அப்புறம் பழக்க தோஷம், ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக் காதின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தான். துணியைத் தூக்கினான். துணி முழுக்கச் சிவப்பு.

"விட்டுடுச்சேடா" என்றேன், யோசிக்காமல்.

அவன் துணியைப் பார்த்தான். நாயைப் பார்த்தான்.

"அது எங்கக்கா விட்டுச்சு?" என்றான். "நான்தான் விட்டுட்டு வந்துட்டேன்."